காலண்டர்தான் துப்பு: மேடையில் ஓடிய கொலை நாடகம் கேமராவிலும் மைக்கிலும் உதைக்குது, யோசனை சொல்லுங்க

அச்சாபீஸ் அண்ணன், செவ்வாய்ப்பேட்டை

எல்லாருக்கும் வணக்கம். சேலத்துல முப்பத்தஞ்சு வருஷமா அச்சாபீஸ் வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பொழப்பு. நாடகம் ஆசைக்கு. ஒன்பது பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒண்ணு போடுவோம். எல்லாம் காமெடிதான். போன வருஷம் முதல் தடவையா ஒரு கொலை மர்மம் எழுதினேன், பேர் 'ஈர மண்'. மூணு தடவை மேடையேறிச்சு. இப்ப அதுல ஒரு சிக்கல். நீளமா சொல்லுவேன், பொறுத்துக்குங்க.

கதை ஏற்காட்டுல நடக்குது. காப்பி எஸ்டேட் பங்களா, ஒரே ஹால், ஒரே செட். ஐப்பசி மழை. மலைப்பாதையில மண் சரிஞ்சு வண்டி ஏற முடியாத ராத்திரி. பங்களாவுல முதலாளியோட சேர்த்து ஏழு பேர். விடிஞ்சா முதலாளி ஹால்ல சாய்வு நாற்காலியிலயே செத்துக் கிடக்கார். மத்தியானம் இன்ஸ்பெக்டர் நடந்தே மேல வந்து சேர்றார். அந்த இன்ஸ்பெக்டர் நான்தான், தொப்பையோட.

துப்பு என்னன்னா ஹால் சுவத்துல தொங்குற தினசரி காலண்டர். முதலாளி கெடுபிடியான ஆள். காலண்டரை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. காலையில காப்பி குடிச்சு, அவர் கையாலதான் கிழிக்கணும். முதல் காட்சியில சமையல்காரப் பையன் தூசி தட்டுறேன்னு அதுல கை வச்சு நல்லா வாங்கிக் கட்டிக்குவான். ஜனம் சிரிக்கும், அந்த இடம் அதோட போயிரும். அந்தக் காட்சி சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு முடியுது. காலண்டர்ல 14, கறுப்பு எழுத்து. லைட் அணைஞ்சு எரிஞ்சா விடியக்காலை. பொணம் கிடக்கு. பையன் வாசல்லயே நின்னு கத்திட்டு ஓடறான். அங்க தங்கியிருக்கிற டாக்டர் வந்து பார்த்து, உயிர் பதினோரு மணிக்கே போயிருச்சுன்னு சொல்லி ஹாலைப் பூட்டிடறார். காலண்டர்ல 15. ஞாயித்துக்கிழமை, அதனால சிவப்பு எழுத்து. கடைசிக் காட்சியில நான் கேக்குற ஒரே கேள்வி: "செத்தவர் எப்படிங்க காலண்டர் கிழிப்பாரு?"

கொன்னுட்டு, பீரோவுல பத்திரம் தேடி, போறப்ப பழக்க தோஷத்துல கை தானா கிழிச்சிருக்கு. யாரோட பழக்கம்ங்கிறதுக்கு முதல் காட்சியிலயே ஒரு அடையாளம் உண்டு. அதை இங்க சொல்ல மாட்டேன். டிக்கெட் பின்னாடியே 'முடிவை வெளியே சொல்லாதீர்கள்'னு அச்சடிச்ச ஆளு நானு.

மேடைக்கு இது அருமையா உட்கார்ந்துச்சு. கடையில வாங்கின காலண்டரை மாட்டினா மூணாவது வரிசைக்கே நம்பர் தெரியாது. அதனால ரெண்டு பங்கு பெருசா நானே செஞ்சேன். எங்கப்பா காலத்து போஸ்டர் மர எழுத்து இன்னும் பெட்டியில இருக்கு. அதுல 14 கறுப்புல, 15 சிவப்புல, பழைய டிரெடில் மிஷின்ல தனித்தனியா ஓட்டினேன். மேடைக்கு நட்ட நடுவுல, எல்லார் கண்ணு முன்னாடியும் தொங்குச்சு. பாதிப் பேர் பார்க்கவே இல்ல. பார்த்தவங்க தங்களை மெச்சிக்கிட்டுப் போனாங்க. எனக்கு ரெண்டுமே சந்தோஷம்.

ரெண்டாவது தடவை போட்டப்ப ஒரு கூத்து நடந்துச்சு. லைட் அணைஞ்ச நேரத்துல ஷீட்டைக் கிழிக்க வேண்டிய பையன் சைடு விங்குல போன் பார்த்துக்கிட்டு நின்னுட்டான். நான் கடைசிக் காட்சியில வீராப்பா விரலை நீட்டி "காலண்டரைப் பாருங்க!"ன்னேன். எல்லாரும் பார்த்தாங்க. 14. கறுப்பு. எனக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. வசனம் பேசுற மாதிரியே பின்னாலேயே நகர்ந்து போய், முதுகால மறைச்சுக்கிட்டு, கையைப் பின்னாடி விட்டு நானே கிழிச்சேன். முன் வரிசையில ஒரு பெரியவர் சத்தமா சொன்னார்: "அட, இன்ஸ்பெக்டரே கிழிச்சுட்டாரு, இவனைப் பிடிங்கய்யா!" மண்டபம் அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு.

சரி, சிக்கலுக்கு வர்றேன். அக்கா மகன் இதை இருபத்தஞ்சு நிமிஷக் குறும்படமா எடுக்கணும்ங்கிறான். சோதனைக்குப் போன்ல ரெண்டு காட்சி எடுத்தான். காலண்டரைக் கிட்டத்துல காட்டி ஒரு ஷாட் வச்சான். என் வீட்டம்மா முறுக்குப் பிழிஞ்சுக்கிட்டே ஒரு பார்வை பார்த்துட்டு, "காலண்டர்ல என்னமோ இருக்கு"ன்னுட்டாங்க. மொத்தக் கதையும் முடிஞ்சு போச்சு. அந்த ஷாட்டை எடுத்துட்டுக் காட்டினா, இன்னொருத்தர் "காலண்டரா? அது எப்பங்க வந்துச்சு? ஏமாத்துறீங்க"ங்கிறார்.

இது பத்தாதுன்னு ஒரு சமுதாய வானொலிக்காரங்க அரை மணி ஒலி நாடகமாக் கேக்கறாங்க. காதுக்கு ஏது சுவரு, ஏது சிவப்பு? நடுராத்திரி மழையில 'சர்ர்'னு பேப்பர் கிழியற சத்தம் வைக்கலாமான்னு யோசனை.

இன்னொண்ணு. எங்க குழுவிலயே ஒருத்தர், "மழையில மாட்டின பங்களா, உள்ளேயே கொலைகாரன், இது லண்டன்ல ஓடுற 'மவுஸ்டிராப்' ஆச்சே, படமா எடுத்தா வக்கீல் நோட்டீஸ் வரும்"னு பயமுறுத்துறார். நான் அந்த நாடகத்தைப் பார்த்ததும் இல்ல, படிச்சதும் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மிளகுக்கொடி, ஏற்காடு

அண்ணா, எனக்கு நாடகம் தெரியாது. ஆனா பொறந்ததுல இருந்து ஏற்காடு. அதனால ரெண்டு குறை சொல்லிட்டுப் போயிடறேன்.

முதல் குறை: அடிவாரம் ரோட்ல மண் சரிஞ்சா ஏற்காடு துண்டாகிடாது. குப்பனூர் வழியா இன்னொரு ரோடு இருக்கு. கொண்டை ஊசி வளைவு இருபதும் மூடினாலும், போலீஸ் ஜீப் குப்பனூர் சுத்தி ரெண்டு மணி நேரத்துல வந்துரும். உங்க இன்ஸ்பெக்டர் எதுக்கு மத்தியானம் வரைக்கும் நடக்கறார்? சேலத்துக்காரங்க பார்க்கிற நாடகத்துல இதை யாரும் கேக்கலையா? ரெண்டு ரோட்டையும் மூடுங்க. 2024 டிசம்பர்ல ஃபெங்கல் புயல் வந்தப்ப மலைப்பாதையில மண் சரிஞ்சு நாங்க பட்ட பாட்டைப் பார்த்தவங்க யாரும் அதை மிகைன்னு சொல்ல மாட்டாங்க. இல்லைன்னா ரோட்டை விட்டுட்டு, பங்களாவுக்குப் போற எஸ்டேட் மண் ரோட்டுல ஒரு சில்வர் ஓக் மரத்தைச் சாய்ச்சு விடுங்க. அது மாசத்துக்கு ஒண்ணு நிஜமாவே விழும்.

ரெண்டாவது: ஐப்பசியில இங்க பேப்பர் 'சர்ர்'னு கிழியாது. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும். தீப்பெட்டி நமுத்துப் போகும், அப்பளம் வளையும், கணக்கு நோட்டு ஈரத்துணி மாதிரி இருக்கும். காலண்டர் ஷீட்டைக் கிழிச்சா சத்தமே இல்லாம தோல் உரியற மாதிரி வரும். மேல பின் அடிச்ச இடத்துல ஒரு துண்டு மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். எங்க வீட்டுக் காலண்டர்ல ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் அந்தப் பின்னுல தாடி மாதிரி தொங்கும்.

---

பழைய ரீல்

மிளகுக்கொடி அக்கா சொன்ன மூடுபனியை விட்டுடாதீங்க அண்ணே. அதை வச்சே ஒரு நாடகம் நாலு மொழி சுத்தியிருக்கு. அகதா கிறிஸ்டியோட 'தி அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்', 1958ல லண்டன் மேடை. பனிமூட்டத்துல காரைப் பள்ளத்துல விட்டுட்டு ஒருத்தன் உதவி கேட்டு ஒரு வீட்டுக்குள்ள போறான். சக்கர நாற்காலியில ஒரு பொணம், பக்கத்துல துப்பாக்கியோட பொண்டாட்டி. இதுதான் 1973ல பி.ஆர்.சோப்ரா எடுத்த இந்தி 'துந்த்'. 'துந்த்'னாலே மூடுபனிதான். 1989ல கன்னடத்துல 'தர்க்கா', அதை வச்சு 1990ல தமிழ்ல 'புரியாத புதிர்'. கே.எஸ்.ரவிக்குமாருக்கு அதுதான் முதல் படம். பார்த்தவங்களுக்கு இப்ப ஞாபகம் இருக்கிறது ரகுவரன் மட்டும்தான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டே பொண்டாட்டியை வதைக்கிற ஒரு புருஷன். லண்டன் மேடையில அந்தப் புருஷன் திரை விலகுறப்பவே பொணம், வசனமே கிடையாது. சினிமா பின்னாடி போய் அவன் உயிரோட இருந்த நாட்களைக் காட்டுது, படத்தையே அவன் தூக்கிட்டுப் போறான். நாடகத்தைப் படமாக்கும்போது நடக்கிற பெரிய மாற்றம் இதுதான்னு நினைக்கிறேன். மேடையில கதை பொணத்துக்கு அப்புறம். படத்துல பொணத்துக்கு முன்னாடியும் போகலாம்.

உங்க காலண்டருக்கு வர்றேன். உங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார்: பிரெடரிக் நாட். 'டயல் எம் ஃபார் மர்டர்' எழுதினவர். 1952 மார்ச்ல பிபிசி டெலிவிஷன்ல வந்துச்சு, ஜூன்ல லண்டன் மேடை, அக்டோபர்ல நியூயார்க், 1954ல ஹிட்ச்காக் படம். எல்லாத்துலயும் கதை ஒரு வீட்டுச் சாவியில நிக்குது. சாவி எவ்வளவு சின்னப் பொருள்! உங்க காலண்டராவது ரெண்டு பங்கு பெருசாச்சு, சாவியைப் பெருசா செஞ்சு மாட்ட முடியுமா? மேடையில அதைப் பத்திப் பேசிப் பேசித்தான் கண்ணுக்குக் கொண்டு வரணும். கேமரா அந்த வேலையை ஒரு நொடியில செஞ்சுரும். கிட்டப் போறதுல ஹிட்ச்காக்குக்கு எவ்வளவு பிடிவாதம்னா, போன்ல நம்பர் சுத்துற விரலைக் கிட்டத்துல எடுக்க பெரிய டயலும் பெரிய பொய் விரலும் செய்ய வச்சார்.

நம்ம ஊர்ல 1985ல சத்யராஜ் நடிச்சு அதே கதை வந்துச்சு. படத்துக்குப் பேரே 'சாவி'. துப்பையே போஸ்டர்ல போட்டுட்டாங்க! அப்படியும் ஓடும், ஏன்னா அந்தக் கதையில குற்றவாளி யார்னு முதல்லயே தெரியும். எப்படி மாட்டுவான்ங்கிறதுதான் ஆவல். உங்களுது அப்படி இல்ல. உங்களுக்கு 'யார்' தெரியக்கூடாது, 'எது' பளிச்சுனு தெரியணும். அதனால 'சாவி' வழி உங்களுக்கு ஆகாது.

உங்களுக்கு ஆகிற வழி 'ரோப்'. பேட்ரிக் ஹாமில்டன் எழுதி 1929ல மேடையேறின நாடகம், 1948ல அதே ஹிட்ச்காக். ஆரம்பத்துலயே ஒருத்தனைக் கொன்னு ஒரு மரப்பெட்டியில போட்டு மூடிடறாங்க. அந்தப் பெட்டி மேலேயே துணி விரிச்சு விருந்து பரிமாறுறாங்க. ஷாட்டுங்களை ரொம்ப நீளமா, சிலதைக் கிட்டத்தட்ட பத்து நிமிஷம் வரைக்கும், வெட்டாம எடுத்திருப்பார். பெட்டி அங்கேயே கிடக்கும், ஆளுங்க அதைச் சுத்திச் சுத்தி வருவாங்க. கேமரா பெரும்பாலும் "இதோ பார்"னு சொல்லாது.

உங்க மருமகன்கிட்ட சொல்லுங்க: காலண்டரைக் கிட்டத்துல காட்டட்டும், ஆனா பையன் திட்டு வாங்குறப்ப காட்டட்டும். அங்க ஒரு சிரிப்பு இருக்கு. அந்தச் சிரிப்பைப் பார்த்த ஜனம், ஷாட் எதுக்கு வந்துச்சுன்னு தனக்குத் தானே காரணம் சொல்லிக்கும், 14ஐயும் பார்த்துரும். மறுநாள் காலையில கிட்டப் போகவே வேண்டாம். டாக்டர் குனிஞ்சு நாடி பார்க்கிறார், அவர் தோளுக்குப் பின்னாடி மங்கலா ஒரு சிவப்பு. அவ்வளவு போதும். கறுப்பு சிவப்பாகிற உங்க யோசனை மேடையை விட கேமராவுக்குத்தான் பொருந்துது அண்ணே. கூடவே அக்கா சொன்ன தாடி, அந்தப் பின்னுல தொங்குற துண்டு, அது மேடையில கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்கு அது அல்வா.

---

கேட்பொலி, அஸ்தம்பட்டி

அச்சாபீஸ் சார், படுக்கையறையில ரஜாயைத் தொங்கவிட்டு ஒலி நாடகம் பதியற கூட்டத்துல நானும் ஒருத்தி.

முதல்ல வக்கீல் நோட்டீஸ் பயத்தை விடுங்க. 'மவுஸ்டிராப்' மேடைக்குப் பொறந்ததே இல்ல, காதுக்குப் பொறந்தது. 1947ல ராணி மேரிக்கு எண்பதாவது பிறந்த நாள். உங்களுக்கு என்ன வேணும்னு பிபிசி கேட்டதுக்கு, அகதா கிறிஸ்டி நாடகம் ஒண்ணு வேணும்னு சொன்னாங்களாம். அப்படி எழுதினதுதான் 'த்ரீ பிளைண்ட் மைஸ்', அரை மணி நேர ரேடியோ நாடகம். அப்புறம் சிறுகதையா ஆச்சு, அப்புறம் மேடை. அந்தப் பேர்ல ஏற்கனவே வேற நாடகம் இருந்ததால பேர் மாறிச்சு. 1952 நவம்பர் 25 லண்டன்ல ஆரம்பிச்சு, கொரோனாவுக்காக 2020 மார்ச்ல இருந்து 2021 மே வரைக்கும் நின்னதைத் தவிர ஓடிக்கிட்டே இருக்கு. லண்டன்ல ஓட்டம் முடிஞ்சு ஆறு மாசம் ஆன பிறகுதான் படம் எடுக்கலாம்னு ஒப்பந்தம். ஓட்டம் முடிஞ்சாத்தானே! படத்தோட உரிமையை 1950கள்லயே வாங்கினவங்க காத்துக்கிட்டே இருந்தாங்க. உங்க குழு நண்பர் அரைகுறையா கேள்விப்பட்டது இந்த ஒப்பந்தமா இருக்கும். வழி அடைஞ்சு போன வீடு யாருக்கும் பட்டா போட்ட சொத்து இல்ல. அங்க வழியை அடைக்கிறது கொட்டுற வெண்பனி. அவங்க ஆளுங்க, அவங்க முடிச்சு, அவங்க வசனம், இதைத் தொடாத வரைக்கும் சரி.

அந்த நாடகம் ரேடியோவுக்குப் பொறந்ததுங்கிறதுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கு சார். ஆரம்பத்துல மேடையில ரேடியோ செய்தி ஓடும்: ஒரு கொலை நடந்திருக்கு, தேடப்படுற ஆள் கறுப்பு ஓவர்கோட், வெளிர் நிற மப்ளர், மெத்து தொப்பி போட்டிருந்தார்னு. அதுக்கப்புறம் ஒவ்வொருத்தரா பனியை உதறிக்கிட்டு உள்ள வர்றாங்க. யாரைப் பார்த்தாலும் அதே மாதிரி கோட்டு, அதே மாதிரி தொப்பி! காதுல போட்டு வச்சதைக் கண்ணால எடுக்க வைக்கிற வேலை. அந்தச் செய்தியை முதல்ல பதிஞ்சு கொடுத்த டெரிக் கைலர் குரலைத்தான் இன்னும் ஓட்டுறாங்க. மனுஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

உங்களுக்கு நான் சொல்றது: ராத்திரியில கிழியற சத்தம் வேண்டாம். மழைக்கு நடுவுல ஒரு தனிச் சத்தம் வந்தா கேட்கிறவங்க காது உடனே நிமிர்ந்துரும். சினிமாவுல உங்க மருமகன் வச்ச அந்தக் கிட்டத்து ஷாட் எப்படியோ, அப்படித்தான் இதுவும். அதுக்குப் பதிலா நாடகத்தைச் சனிக்கிழமை காலையிலயே ஆரம்பிங்க. டம்ளரை டபராவுல வைக்கிற சத்தம், நாற்காலி கிரீச், முதலாளி நாலு அடி நடக்கறார், ஷீட் கிழியுது. அவரே வாய்விட்டுப் படிக்கிறார்: "சனி... ராகு காலம் ஒம்பதுல இருந்து பத்தரை." கெடுபிடி ஆளு, அப்படித்தான் படிப்பார். மறுநாள் காலையில பொணம் கிடக்கு. வீட்டுல ஒரு பெரியம்மா இருப்பாங்க இல்ல? அவங்க அழுதுக்கிட்டே, "எத்தனை மணிக்கு எடுக்கறது, ராகு காலம் நாலரையில இருந்து ஆறுன்னு போட்டிருக்கே"ங்கட்டும். போட்டிருக்கு! எதுல? சுவத்துல. கிழிக்காத காலண்டர்ல அது எப்படி வரும்? ஒரு சத்தமும் வைக்கல, ஆனா துப்பு காதுல விழுந்தாச்சு.

இன்னொரு சேதி. 'அந்த நாள்' தெரியும் இல்ல, 1954, பாட்டே இல்லாத சிவாஜி படம், யார் சுட்டதுன்னு ஒவ்வொருத்தர் வாயாலயும் ஒரு கதை. எஸ்.பாலசந்தர் அதை முதல்ல நாடகமா எழுதி ஆல் இந்தியா ரேடியோவுக்குத்தான் கொடுத்தார். வேண்டாம்னு திருப்பிட்டாங்க. அப்புறம்தான் ஏவி.எம். கிட்டப் போச்சு. அந்தக் கதையை இப்பக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுப் பாருங்க, முக்கால்வாசி நல்லாவே புரியும். காதுக்கு எழுதினது படத்துக்குத் தாங்கும். கண்ணுக்கு எழுதினது காதுக்கு வரத்தான் கொஞ்சம் மாவாட்டணும்.

---

ஐந்து ரோடு ஆறுமுக வாத்தியார்

கேட்பொலி அம்மா, நல்ல யோசனை, ஆனா ஓட்டை. ஞாயித்துக்கிழமை ராகு காலம் நாலரை ஆறுன்னு தெரியாத பெரியம்மா சேலம் ஜில்லாவுலயே கிடையாது. காலண்டர் பார்க்காமலே தூக்கத்துல சொல்லுவாங்க. இன்ஸ்பெக்டர் அதை வச்சுப் பிடிச்சா கோர்ட்ல ஒரு நிமிஷம் நிக்காது. 'போட்டிருக்கே'ங்கிற ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தனைத் தூக்கில போடுவீங்களா?

தினம் மாறுறதாப் பார்த்துப் படிக்க வைங்க. சந்திராஷ்டமம். அது எந்த நட்சத்திரத்துக்குன்னு எந்தப் பாட்டிக்கும் மனப்பாடம் இருக்காது, ஷீட்டைப் பார்த்தாத்தான் உண்டு.

அப்புறம் பழைய ரீல் தம்பிக்கு: இவ்வளவு லண்டன் கதை எதுக்கு? ஏற்காடு ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டித்தானே தினம் போறீங்க. வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறியும் நாவலை எடுத்து 1950ல 'திகம்பர சாமியார்' பண்ணினது அந்த இடத்துலதான். நம்பியாருக்கு ஒரே படத்துல எத்தனை வேஷம்! நாவல்ல 'மாறுவேடத்தில் வந்தான்'னு ஒரு வரி எழுதினாப் போதும். படத்துல ஜனம் முகத்தைப் பார்த்தும் ஏமாறணும். மேக்கப்காரர் பாடு. அதையும் ஒரு தடவை பாருங்க.

---

பழைய ரீல்

வாத்தியாரே, ஒத்துக்கறேன். அதோட சந்திராஷ்டமம் யோசனைக்கு உங்களுக்கு ஒரு செட் தட்டு வடை என் கணக்குல.

---

அச்சாபீஸ் அண்ணன், செவ்வாய்ப்பேட்டை

எல்லாருக்கும் கும்பிடு. நாலு நாளா இதுதான் வேலை. கடையில ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்காமக் கிடக்கு.

மிளகுக்கொடி தங்கச்சி, குப்பனூர் ரோடு விஷயத்துல வெட்கப்படறேன். மூணு தடவை போட்டும் ஒருத்தரும் கேக்கல, அதுதான் ஆச்சரியம். நீங்க சொன்ன சில்வர் ஓக் மரத்தையே சாய்ச்சுட்டேன். இன்ஸ்பெக்டர் குப்பனூர் வழியா ஜீப்புல வந்து, மரத்துக்கிட்ட இறங்கி, கடைசி ரெண்டு மைல் மட்டும் நடக்கறார். என் மூட்டு வலிக்கும் அதுதான் நல்லது. எங்க நாடகத்துல அந்தச் சிரமம் வசனத்துலதான் வரும். படத்துல நிஜமாவே நடக்க வேண்டி வரும்போலன்னு இப்பத்தான் உறைக்குது.

அந்தத் தாடியைச் சோதிச்சுப் பார்த்தேன். பழைய காலண்டர் ஒண்ணை ராத்திரி முழுக்க ஈரத் துண்டுல சுத்தி வச்சேன். காலையில கிழிச்சா நீங்க சொன்ன மாதிரியே சத்தமில்லாம உரிஞ்சு வருது, பின்னுல ஒரு மூலை நிக்குது. அப்பத்தான் ஒண்ணு தோணிச்சு. முதலாளி பொறுமையான ஆளு, பின்னுகிட்ட விரலை வச்சு அழுத்தி நறுவிசாக் கிழிப்பார். அவர் கிழிச்சா தாடி இருக்காது. பதினாலாம் தேதி ஷீட்டுக்கு மட்டும் தாடி இருக்கு. மருமகன்கிட்ட இதைச் சொன்னேன், போனைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தான். இது மேடைக்கு வேண்டாம், படத்துக்கு மட்டும்.

பையன் திட்டு வாங்குற இடத்துல கிட்டத்து ஷாட், காலையில தோளுக்குப் பின்னாடி சிவப்பு, ரெண்டையும் எடுத்து வீட்டம்மாகிட்ட மறுபடியும் காட்டினோம். இந்தத் தடவை அவங்க சந்தேகப்பட்டது டாக்டரை. காரணம் கேட்டா, "மூஞ்சி சரியில்ல"ன்னாங்க. டாக்டர் வேஷம் போட்டது எங்க குழுவுல ரொம்ப நல்ல மனுஷன், அவர்கிட்ட இதை இன்னும் சொல்லல.

கேட்பொலி தங்கச்சி, வாத்தியார் ஐயா, உங்க ரெண்டு பேர் யோசனையையும் ஒண்ணாச் சேர்த்துட்டேன். பெரியம்மாவுக்குப் பேரன் நட்சத்திரம் பூசம். அழுகைக்கு நடுவுல சுவத்தைப் பார்த்து, "இன்னைக்குப் பூசத்துக்குச் சந்திராஷ்டமம் போட்டிருக்கு, அவனைக் கொள்ளி தூக்க விடாதீங்க"ன்னு சொல்றாங்க. சனிக்கிழமை காலையில முதலாளி படிச்சது புனர்பூசம். எழுதிட்டு நானே வாய்விட்டுப் படிச்சேன், புல்லரிச்சுது. பொணத்தை எடுக்கிற சண்டையில அந்த வரி கரைஞ்சு போயிருது, ஒருத்தரும் நின்னு யோசிக்க மாட்டாங்க.

ராத்திரியில கிழியற சத்தத்தையும் எடுத்துட்டேன். சனிக்கிழமை காலைக்கு மட்டும் ஒரு கிழிப்பு வேணும்ல, அதை நேத்து சாயங்காலம் வீட்டு ஹால்ல பதிஞ்சேன். வேகமா, மெதுவா, ரெண்டு விரலால, மூணு விரலாலன்னு, எது முதலாளி கை மாதிரி இருக்குன்னு பார்க்கணுமே. பழைய காலண்டர் ஈரத்துல வீணாப் போனதால சுவத்துல இருந்ததையே எடுத்துக்கிட்டேன். ஒம்பதாவது கிழிப்புதான் சரியா வந்துச்சு.

இன்னைக்குக் காலையில சமையல்கட்டுல இருந்து குரல்: "ஏங்க, அடுத்த வாரம் அமாவாசை என்னைக்குன்னு பார்க்கலாம்னா ஷீட்டே காணோம். யாருங்க கிழிச்சது?"

வீட்டுல நாங்க ரெண்டே பேர்தான்.